மூன்றாம் முறை கேட்டால்தான் தொட்டி

அன்பும் மரியாதையும் நிறைந்த லோர்னா அக்காவுக்கு,

உங்கள் தங்கை மார்னியைக் கட்டிக்கொண்ட கெல்வின் வணக்கத்துடன் எழுதுவது. சிகாகோவிலிருந்து நாங்கள் நால்வரும் முழுசாக வீடு வந்து சேர்ந்தோம். அங்கே உங்கள் இடுப்பு வலி அடங்கி, ஏரியில் பனி உடைந்து, அத்தான் படகை இறக்கிவிட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

நீங்கள் பெரிய மனசு பண்ணி கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்த நட்சத்திர ஓட்டல் வாசம் எப்படி நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்லத்தான் நேற்றிலிருந்து கை துறுதுறு என்கிறது. "ஒட்டோ பொறந்ததுலேருந்து அவ ஒரு நாளாவது நிம்மதியா குளிச்சிருக்காளா? தொட்டி நிறையச் சுடுதண்ணி விட்டு, ஒரு மணி நேரம் யாரும் அம்மான்னு கூப்பிடாம அவளைப் படுக்க வைக்காம ஊருக்குத் திரும்பாதே" என்று நீங்கள் போனில் கண்டிப்பாகச் சொன்னீர்கள், நானும் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்ற நான் பட்ட பாடு இருக்கிறதே, கேளுங்கள்.

ஓட்டல் வாசலில் சுழல் கதவு. மூன்று வயது ஒட்டோ இதுவரை பார்த்த கதவெல்லாம் திறக்கும், மூடும். சுற்றும் கதவை இப்போதுதான் பார்க்கிறான். உள்ளே போனவன் வெளியே வந்தான், மறுபடி உள்ளே போனான், அவனைப் பிடிக்க நான் போனேன், என்னைப் பிடிக்க வாசல்காரர் வந்தார், கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் எல்லாம் நடைபாதையில் நின்று எங்கள் மூவரையும் வேடிக்கை பார்த்தார்கள். இதற்கு நடுவில் எங்கள் சாமான்களைப் பளபளவென்று பித்தளை வண்டியில் ஏற்றி ஒருவர் தள்ளிக்கொண்டு போகிறார். உச்சியில் நம்முடைய நீல நிற ஐஸ்பெட்டி. அதற்குள்ளே வீட்டிலேயே சமைத்துத் தட்டோடு எடுத்து வந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ். எடுத்து வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது, ஆனால் வெளியூர் போகிறவன் சாப்பாடு இல்லாமல் போவானா அக்கா?

வரவேற்பு மேஜையில் டெனீஸ் என்று பெயர்ப் பட்டை குத்திய ஒரு பெண்மணி. குழந்தைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சார், ஏரியைப் பாத்த பெரிய அறை ஒண்ணு காலியா இருக்கு. ஆளே முங்குற மாதிரி குளியல் தொட்டி. அதே காசுக்கே உங்களுக்கு மாத்திக் கொடுக்கட்டுமா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே, "அய்யோ, வேண்டாங்க, எங்களுக்கு எதுக்கு அதெல்லாம்" என்றேன். நம் மினசோட்டாவில் வேறென்ன சொல்வார்கள்? காப்பி கொடுத்தாலும் கார் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம், இரண்டாம் தடவை உங்களுக்கு எதற்குச் சிரமம், மூன்றாம் தடவை சரி நீங்கள் இவ்வளவு சொல்வதால், என்றுதானே வாங்கிக்கொள்வோம். நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு இரண்டாம் தடவைக்குக் காத்திருந்தேன். அந்த அம்மாள், "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, பின்னால் ஒற்றைப் பெட்டியோடு நின்ற ஒரு ஆளிடம் அதையே கேட்டார். அந்த மனிதன், "கொடுங்க" என்றான். ஒரே வார்த்தை. எந்த ஊர்க்காரனோ, வளர்ப்பு அப்படி.

மார்னி என் முழங்கையில் கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது. "உன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா?" என்றாள். "ரெண்டாம் தடவை கேப்பாங்கன்னு பாத்தேன்" என்றேன். "இது சிகாகோ. இங்க ஒரு தடவை கேக்குறதே பெருசு" என்றாள்.

எங்களுக்குக் கிடைத்த அறையும் ராஜா வீட்டு அறைதான், குறை சொன்னால் வாய் வேகும். ஆனால் குளியலறையில் கண்ணாடித் தடுப்பும் மேலிருந்து கொட்டும் குழாயும்தான். உங்கள் தங்கை ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த, தொட்டித் தண்ணீரில் கரைத்துக் குளிக்கும் லாவெண்டர் உப்பு ஜாடியை எடுத்து, எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்து, சோப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். மார்னி வாயிலிருந்து "நல்லாத்தான் இருக்கு" வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

இந்த நேரத்தில் அறையிலிருந்த போன் அடித்தது. மூத்தவள் ஆஸ்ட்ரிட் பாய்ந்து எடுத்தாள். ஆறு வயதாகிறது, ஆனால் நம் ஊர் வழக்கம் எதுவும் இன்னும் ஏறவில்லை. "தலையணை கூடுதலா வேணுமான்னு கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன் "வேணும்" என்றாள். வந்தது. வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்கள். "இன்னும் தலையணை" என்றாள். வந்துகொண்டே இருந்தது அக்கா. ஒட்டோ அதை வைத்துக் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு கோட்டை கட்டி, யாரையும் உள்ளே விடாமல், எங்கள் ஹாட்டிஷை உள்ளே உட்கார்ந்து தின்றான்.

நான் கீழே போய் டெனீஸ் அம்மாளிடம் விஷயத்தைப் புரியவைக்கப் பார்த்தேன். நேராகக் கேட்க நமக்கு நாக்கு வருமா? "எங்க அறையில தண்ணி மேலேருந்து ரொம்ப நல்லா விழுதுங்க. கீழ தேங்குற மாதிரி ஒண்ணும் கிடையாது, அதுவும் ஒரு வகைல சௌகரியந்தான்" என்றேன். "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். "என் மனைவி உப்பு ஜாடி கொண்டு வந்திருக்கா" என்றேன். சாப்பாட்டு அறையில் உப்பு வைத்திருப்பதாகச் சொன்னார். திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பலகாரத்துக்கு இறங்கும்போது அந்த ஒற்றைப் பெட்டிக்காரன் சாவியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர, ஆஸ்ட்ரிட் மேஜைக்கு மேலே தாடையை வைத்து, "எங்கம்மாவுக்கு முங்கிக் குளிக்கத் தொட்டி வேணும். அம்மா சொல்ல மாட்டாங்க" என்றாள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டெனீஸ் அம்மாள் என்னைப் பார்த்து, "அந்த அறை இப்போ காலி சார். மாத்திக்கிறீங்களா?" என்றார். சொல்லுங்கள், இதைவிட யார் கேட்பார்கள்? என் வாய் தானாகத் திறந்து, "அய்யய்யோ, பரவாயில்லைங்க" என்றது. சத்தியமாக நான் சொல்லவில்லை அக்கா, வாய் சொன்னது. மார்னி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்ட்ரிட் மட்டும் அசையவில்லை. "ஆன்ட்டி, எங்கப்பா இன்னும் ஒரு தடவை வேண்டாம்பாரு. நீங்க கேட்டுக்கிட்டே இருங்க" என்றாள்.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியா? சார், மாத்திக்கிறீங்களா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"சார், மாத்திக்கிட்டுத்தான் ஆகணும்."

"சரி, நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால" என்றேன். வாசல்காரர் கை தட்டினார்.

தலையணைகள் எல்லாவற்றோடும் புது அறைக்கு மாறினோம். அன்று மத்தியானம் உங்கள் தங்கை ஜாடியும் புத்தகமுமாகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் நான் குதிரை ஆனேன், கரடி ஆனேன், சுழல் கதவுகூட ஆனேன். கோட்டையின் ஒரு சுவரையே காணோம் என்று ஒட்டோ அழுது தீர்த்தான். கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினோம், கிடைக்கவில்லை. ஆனால் கதவை ஒருவரையும் தட்ட விடவில்லை. வெளியே வந்த மார்னியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்று பார்த்த அதே முகம். முடிகூட நனையாமல் குளித்திருந்தாள், அது அவள் சாமர்த்தியம்.

ஆக, வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். ஆனால் இனி இந்த மாதிரி உங்களுக்குச் செலவு வைக்கவே மாட்டோம் என்று உறுதியாகச் சொல்லிக்கொள்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய தூண்டிலில் பெரிய மீனாக மாட்டட்டும், உங்கள் இடுப்பு இன்னும் பல கோடைகாலம் தாங்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
கெல்வின்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன் மார்னி இதைப் படித்தாள். படித்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். குளிக்கவே இல்லையாம். நாங்கள் நம்புவதற்காகக் கை கழுவும் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, காய்ந்த தொட்டிக்குள் ஒட்டோவின் தலையணைகளை அடுக்கி, ஒரு மணி நேரமும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாளாம். "எனக்குத் தொட்டியா வேணும்? தாழ்ப்பாள் இருந்தாப் போதும்" என்கிறாள். தாழ்ப்பாள் முதல் அறையிலேயே இருந்தது. நம் வீட்டிலும் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தொட்டி மாதிரி தூக்கம் வேறெங்கும் வராது என்று பெருமூச்சு விடுகிறாள். ஆகையால், அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஓட்டல் பரிசு வேண்டாம் என்று மேலே நான் எழுதியது முதல் தடவை என்று தயவுசெய்து கணக்கில் வைத்துக்கொள்ளவும். உங்களுக்கு எதற்குச் சிரமம்? இது இரண்டாம் தடவை. பதில் எழுதவும்.