விரல் தீர்ந்த யாம் செங்

வகுப்பறையில் வாழ்ந்தவன் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தால், அதைத் திரும்பப் பெறுவது எளிதன்று. கல்லூரியில் இயற்பியல் கற்பித்த காலமெல்லாம் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தவன் நான். (மாணவர்கள் பையை மாட்டிக்கொண்டு நின்றபடியே கேட்பார்கள்.) இந்தக் குணம் ஒரு கல்யாண விருந்தை என்ன செய்தது என்பதை என்னைவிடச் சுவையாகச் சொல்லக்கூடியவர்கள், விருந்து நடந்த பாலோ என்ற ஊரில் இருக்கிறார்கள். ஆயினும் ஒருமுறை நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது என் மகள் ரீத்தாவுக்கு ஒன்பது வயது. அவளுக்கு ஆட்டிசம் உண்டு. மற்றவர்களுக்கு ஆரவாரமாகக் கேட்பது அவளுக்கு உடம்பில் விழும் அடி. என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி, தம் மகள் மோனிக்காவின் திருமணத்துக்கு அழைக்க, மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவர், அழைப்பிதழை நீட்டியபடியே தயங்கினார்.

“ரீத்தாவ யார்கிட்டயாச்சும் விட்டுட்டு வரலாம்லா? கூட்டம், சத்தம்... பிள்ள பாவம்.”

“அவ வராத கல்யாணத்துக்கு நானும் வரலண்ணே,” என்றாள் ஸ்டெல்லா.

“வருவா மச்சான். நான் பாத்துக்கறேன்,” என்றேன். அதே வேகத்தில், விருந்தில் யாம் செங் போடும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டேன்.

யாம் செங் என்பது சீன விருந்துகளிலிருந்து எங்கள் கல்யாணங்களுக்கு வந்து குடியேறிய வழக்கம். மேடையில் நிற்பவர் கோப்பையை உயர்த்தி “யா...ம்” என்று இழுப்பார், அவருடைய மூச்சு உள்ளவரை மண்டபமே சேர்ந்து இழுக்கும், பிறகு “செங்!” என்று கத்திவிட்டுக் குடிக்க வேண்டும். இப்படி மூன்று முறை.

ஒலியலைகளைப் பற்றிப் பாடம் நடத்தியவன் அல்லவா? முறையாகப் பயிற்சி தொடங்கினேன். மாலைதோறும் வரவேற்பறையில் தண்ணீர்க் குவளையை உயர்த்தி “யா...ம்” என்பேன், நாளுக்கு நாள் சற்று உரக்க. ரீத்தா ஒவ்வொரு விரலாக மடக்குவாள். கடைசி விரல் மடங்கும்போது என் மூச்சும் முடியும். இந்த வழி அவளே கண்டுபிடித்தது.

“விரல் இருக்கிற வரைக்கும்தான் சத்தம். சரியாப்பா?”

“சரிம்மா. சத்தியமா.”

பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “சிக்கு, ஹாரி-ஹாரி காவின்கா?” என்றார். மலாயில், வாத்தியாரே, தினமும் கல்யாணமா என்று பொருள். (குடிகாரன் என்று முடிவு கட்டாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.)

திருமண நாளும் வந்தது. ரீத்தா காதுமூடியை அணிந்து, மேடையை ஒட்டிய மேசையில் ஸ்டெல்லாவின் அருகே அமர்ந்திருந்தாள். நான் சிராப் என்னும் ரோஜா சர்பத் நிறைந்த கோப்பையோடு மேடையேறி, “யா...ம்” என்றேன். மண்டபம் அதிர்ந்தது. ரீத்தா கண்களை இறுக மூடி விரல் மடக்கினாள், எழுந்து ஓடவில்லை. அவள் வென்றுகொண்டிருந்தாள்.

கோட்டை விட்டவன் நான். ஒலிபெருக்கியில் கேட்ட என் குரல் எனக்கு அளவுகடந்து பிடித்துவிட்டது. வீட்டில் நிறுத்தும் இடம் வந்தது, தாண்டினேன். இளைஞர்கள் மேசையைத் தட்டினார்கள். திருட்டுத்தனமாக ஒரு மூச்சை வாங்கிக்கொண்டு மேலும் இழுத்தேன்.

மேடையில் மணமகனுக்குப் போட்டிருந்த நாற்காலியின் மேலிருந்து நீண்ட ஒரு சிறு கை என் வாயைப் பொத்தியது. கோப்பை பறந்தது. சிவப்புச் சிராப், அருகில் வைத்திருந்த வெள்ளை அடுக்குக் கேக்கின் உச்சியிலிருந்து அடிவரை, நிதானமாக இறங்கியது. மண்டபம் உறைந்தது. அந்த அமைதியில் ஒலிவாங்கி வழியே எல்லோருக்கும் கேட்டது:

“விரல் தீந்துபோச்சு அப்பா.”

“ஐயோ, அலமாக்!” என்றது ஒரு மேசை.

“நான் அப்பவே சொன்னேன்லா மச்சான்!” என்று அந்தோணி எழுந்துவிட்டார். ஸ்டெல்லாவும் எழுந்தாள்.

“பிள்ள சொன்னபடிதான் நடந்தாண்ணே. பேச்சு மாறினது உங்க மச்சான்.” பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: “இன்னும் ரெண்டு யாம் செங் இருக்கு. ரீத்தா போடட்டும். சத்தமில்லாம.”

முதலில் கோப்பையை உயர்த்தியவள் மணமகள் மோனிக்கா. ரீத்தா நாற்காலியை விட்டு இறங்காமலே வாயைத் திறந்து விரல் மடக்க, மண்டபம் முழுவதும் மீன்தொட்டியைப் போல ஓசையின்றி வாயைப் பிளந்தது. அவளுடைய கடைசி விரல் மடங்கியதும் அனைவரும் குடித்தார்கள். முதல் சுற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தோணியின் வாய்தான் இரண்டாம் சுற்றில் எல்லாவற்றிலும் பெரியது. குடும்பப் படத்தின் நடுவில் ரீத்தா நிற்கிறாள். பக்கத்தில் சிவந்த கேக்.

ரீத்தா இப்போது ஸ்கூடாயில் ஒரு பேக்கரியில் கேக் அலங்கரிக்கிறாள். (என்னைக் கண்டால் கேக்கை நகர்த்தி வைக்கிறாள்.) எங்கள் உறவில் எவருடைய திருமணமானாலும் கடைசி யாம் செங் அவளுடையது, ஓசையற்றது. அந்தோணியே கல்யாணத் தேதி குறிக்குமுன் அவளுக்கு விடுமுறை உண்டா என்று கேட்கிறார். எவராவது நீட்டிப் பேசினால், குழந்தைகள்கூட “விரல் தீந்துபோச்சு!” என்கிறார்கள். அந்த ஏச்சுக்கு அதிகம் ஆளாகிறவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஸ்டெல்லா இறைவனடி சேர்ந்தாள். நினைவுப் பூசைக்குப் பின் உணவின்போது, வந்தவர்களுக்கு நன்றி சொல்ல எழுந்தேன். அவள் பெயரைச் சொன்னேன். அதற்குமேல், கையில் ஒலிவாங்கி இருந்தும், எனக்குப் பேச்சு வரவில்லை.

ரீத்தா எழுந்து வந்து என் எதிரே நின்றாள். இரு கைகளையும் என் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினாள். ஒரு விரலும் மடங்கியிருக்கவில்லை.

“இன்னும் விரல் இருக்கு அப்பா. பேசுங்க.”