ஞானப்பல்லும் உன் அப்பாவும்

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் கடைவாய் நீங்கலாக. உன் கல்லூரியும் அதிலுள்ள எலும்புக்கூடும் அவ்வண்ணமே இருக்கும் என்று நம்புகிறேன்.

மனிதனும் குரங்கும் ஒரே வம்சம் என்று நீ வகுப்பில் பாடம் எடுக்கப்போய், பிரார்த்தனைக் கூடத்தில் முன்வரிசையில் உட்காரும் உன் அப்பா காதுக்கு அது யார் வழியாகவோ எட்டி, மச்சான் உன்னோடு பேச்சையே நிறுத்தியதும், "மாமா, நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்" என்று நீ போனில் அழுததும் நினைவிருக்கிறது. பல் டாக்டருக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பவன் என்றாலும் நான் முக்கால் டாக்டர். மீதிக் கால்தான் அவரிடம் இருக்கிறது.

கடவுளே பார்த்து மச்சானுக்கு ஞானப்பல் வலியைக் கொடுத்தார். நாற்காலியில் சாய்த்து, வாயைப் பிளக்கவைத்து, பஞ்சு திணித்து, ஊசியும் போட்டு, மரத்துப்போகட்டும் என்று டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். பதில் பேச முடியாத மச்சானை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். விடுவேனா? நாற்காலியின் கைப்பிடியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, "மச்சான், நம்ம முன்னோருக்குத் தாடை பெருசு. எல்லாத்தையும் பச்சையா மென்னாங்க. அப்புறம் சமைக்கக் கத்துக்கிட்டோம், தாடை சுருங்கிப்போச்சு. கடைசியா வந்த பல்லுக்கு இடமில்லாம, கூட்டத்துல வந்தவன் மாதிரி இடிச்சுக்கிட்டு நிக்குது. உங்க மக சொன்னதுக்கு உங்க வாயே சாட்சி" என்றேன். "ங்ங்" என்றார். ஒப்புக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த உற்சாகத்தில், நெருப்பை முதலில் மூட்டியவரே நம் பாட்டனுக்குப் பாட்டன்தான் என்றும் சேர்த்துவிட்டேன். யாரோ ஒருவருடைய பாட்டன்தானே மூட்டியிருக்க வேண்டும். மச்சான் காலை உதைத்தார், கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. ஒரு மனிதன் மனம் மாறுவதை இவ்வளவு கிட்டத்தில் யார் பார்த்திருப்பார்கள் என்று நானும் கண் கலங்கினேன், டாக்டர் ஓடிவந்து, "என்னய்யா, அவர் கைமேலயே உட்கார்ந்திருக்கே" என்று சொல்லும்வரை.

அது கிடக்கட்டும். காரியம் ஜெயம். தைரியமாக வீட்டுக்கு வா, நான் பொறுப்பு.

எல்லாம் வல்லவன் உனக்கு நீண்ட ஆயுளும் என்னைப் போன்ற தெளிந்த புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மச்சான் வந்தார். மரப்பு விட்டிருந்தது. "மாப்ள, மனுஷனைப் படைக்க ஆண்டவர் மண்ணை ஒரே நாள்ல பிசைஞ்சாரா, லட்சம் வருஷம் பிசைஞ்சாரா, எனக்கு என்னடா. ஊருக்கெல்லாம் சொன்னவ என்கிட்ட சொல்லலையே. பெத்தவன் அடுத்தவன் வாயால கேக்கணுமா? அது பத்தாதுன்னு இப்ப உன்னை வேற அனுப்பியிருக்கா" என்றார். என் விளக்கம் எப்படி என்று கேட்டேன். "மனுஷன் இன்னும் முழுசா வந்து சேரலைன்னு உன்னைப் பார்த்து நம்பறேன்" என்றார். உன்னோடு நேரிலேயே சண்டை போடுவதாகச் சொல்லி ரயிலேறிவிட்டார். இது உன் கைக்கு வரும்போது அங்கேதான் இருப்பார். சூடாக எதுவும் கொடுக்காதே. சண்டையைக் கொஞ்சம் நிதானமாகப் போடு. பாவம், அவருக்கு இன்னும் வாய் முழுதாகத் திறக்கவில்லை.