உணவா, பானமா, நாகம்மாவா?

மாணவர்கள் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்று குறைப்படும் ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். கொடுத்துவைத்தவர்கள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரே ஒரு வரியை என் மாணவர்கள் மறக்காமல் வைத்திருந்தார்கள். அந்த ஒரு வரியால் என் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

ராகலையிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் எனக்கு விஞ்ஞான ஆசிரியர் நியமனம் கிடைத்தது. சொந்த ஊர் நோட்டன் பிரிட்ஜ் பக்கம். புதிய இடத்தில் சரோஜாக்கா என்பவர் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. பாடசாலையில் கணிதம் கற்பிக்கும் கலைவாணி டீச்சரின் புன்சிரிப்பும் கிடைத்தது. கொஞ்ச நாளில் எங்களுக்குள் கல்யாணப் பேச்சு முடிந்துவிட்டது. கலைவாணியின் அப்பாவிடம் பேசுவது மட்டும்தான் பாக்கி.

அப்பா ஓய்வுபெற்ற கண்டாக்கு. (பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் இல்லை. தோட்டத்தில் மலை மலையாக நடந்து வேலை வாங்குகிற உத்தியோகத்தர். அவர் விசில் சத்தத்துக்கு அட்டைகூட கடிப்பதை நிறுத்தும் என்பார்கள்.) முருகன் கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். என்னைப் பற்றிக் கலைவாணி வீட்டில் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கந்தசஷ்டி வருகிறது, பையன் காப்புக் கட்டி விரதம் இருக்கட்டும், ஆளைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றாராம். மூன்று வேளையும் பேக்கரிப் பாணும் பருப்பும் மலை மாதிரி அடுக்கிச் சாப்பிடுகிற என்னை எடைபோட இதைவிடக் கொடூரமான தராசு அவருக்குக் கிடைத்திருக்காது.

சஷ்டிக்கு முன்னால் பாடசாலையில் சுகாதாரத் தினம் வந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்குக் கண் விழிக்கிறோம் என்று டவுனில் எனர்ஜி டிரிங்க் டின் வாங்கிக் குடிப்பதாக அதிபருக்குத் தகவல் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டு, பிரபலமான எனர்ஜி டிரிங்குகள் மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவில் சேருமா என்று பேசச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கலைவாணி முன்வரிசையில் உட்காரப்போகிறார் அல்லவா! சந்திக் கடை நஸீர் நானாவிடம் ஒரு பெட்டி டின்னைக் காட்சிக்கு வாங்கிவந்து, மேசையில் கோபுரமாக அடுக்கிவைத்துவிட்டு முழங்க ஆரம்பித்தேன்.

டின்னில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினேன். நிறமூட்டி, சுவையூட்டி, அமிலச் சீராக்கி, தனியாகப் பிரித்தெடுத்துப் போட்ட கஃபீன். இதில் எது உங்கள் அம்மாவின் அடுக்களையில் இருக்கிறது என்று கேட்டேன். சீனி ஒன்றுதான் இருக்கிறது என்றார்கள். சீனி போடாத டின்னும் இதே சாதிதான், சீனிக்குப் பதில் வேறு ஒரு ரசாயன இனிப்பு என்றேன்.

அப்போது ஒன்பதாம் தரத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், எங்க பெக்டரியில கொழுந்த வாட்டி, அரைச்சு, புளிக்கவச்சு, சுட்டு, சலிச்சு அனுப்புறாங்க. அப்ப தேத்தண்ணியும் மிகைப் பதப்படுத்தினதா சேர்?"

நல்ல கேள்வி. எத்தனை இயந்திரத்துக்குள் போய் வந்தது என்பது கணக்கில்லை, உள்ளே எதைச் சேர்த்தார்கள், கடைசியில் மூலப்பொருள் மிச்சமிருக்கிறதா என்பதே கணக்கு என்று சொன்னேன். தேயிலை கடைசிவரை தேயிலைதான். இந்த டின்னுக்குள் எந்தச் செடியும் இல்லை, எந்த மரமும் இல்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் தலைக்கேறி, அத்தோடு விடாமல், இதை மனப்பாடமாகவே ஆக்கினேன். "எனர்ஜி டிரிங்க் என்றால் என்ன?" என்று நான் கேட்க, "மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவு!" என்று மண்டபம் அதிர வேண்டும். குடிப்பதுதானே என்று யாராவது ஏமாற்றினால் ஏமாறாதீர்கள், வயிற்றுக்குள் போனால் அது உணவுதான் என்றும் சேர்த்துச் சொன்னேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

டின்களைத் திருப்பிக் கொடுக்கப் போனால் நஸீர் நானா வாங்க மறுத்துவிட்டார். "சேர், நீங்களே நஞ்சுன்னு ஊர் பூரா சொல்லிட்டீங்க. இனி நான் இத யாருக்கு விக்கிறது? நீங்களே வச்சுக்குங்க" என்றார். அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது. பெட்டியைத் தூக்கிவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

சஷ்டி தொடங்கியது. கண்டாக்கையா தன் கையாலேயே எனக்குக் காப்புக் கட்டினார். "பகல்ல சாப்பாடு கூடாது. பொழுது சாஞ்சு பூசை முடிஞ்சா பாலும் பழமும். கடைசி நாள் அதுவும் கெடையாது. தண்ணி, தேத்தண்ணின்னு குடிக்கிறது எதுவும் குடிக்கலாம்" என்றார்.

முதல் நாள் பக்தியோடு கழிந்தது. அடுத்த நாள் மழையும் குளிரும் சேர்ந்துகொண்டன. கரும்பலகையில் நான் வரைந்த மனித இரைப்பை எனக்கே ரொட்டி மாதிரி தெரிந்தது. மதியம் அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தபோது பெட்டியின் ஞாபகம் வந்தது. கண்டாக்கையா என்ன சொன்னார்? குடிக்கிறது எதுவும் குடிக்கலாம் என்றார். டின்னில் என்ன எழுதியிருக்கிறது? பானம். மேடையில் நான் சொன்னது விஞ்ஞானம், இது ஆன்மிகம். இரண்டையும் குழப்பக்கூடாது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு ஒன்றை உடைத்தேன்.

உடம்பில் கரண்ட் வந்தது. பசி போன இடம் தெரியவில்லை. அதன்பிறகு காலையில் ஒன்று, இடைவேளைக்கு ஒன்று என்று என் விரதம் சுறுசுறுப்பாக நடந்தது. பையன் வாடவே இல்லையே, முகத்தில் என்ன தேஜஸ் என்று கண்டாக்கையா வீட்டில் வியந்ததாகக் கலைவாணி சொன்னபோது, எல்லாம் முருகன் செயல் என்றேன்.

கடைசி நாள் சூரசம்ஹாரம். வெறும் வயிற்றில் இரண்டைக் குடித்துவிட்டு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இன்னொன்றை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். காப்புக் கட்டியவர்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும். தப்பு அடிக்க ஆரம்பித்ததும் என் விரல்கள் துடித்தன. பிறகு கை, முழங்கால், தாடை. நெஞ்சுக்குள் தனியாக ஒரு தப்பு அடித்தது. நான் நிறுத்தப் பார்த்தேன். நிறுத்தப் பார்க்கப் பார்க்க ஆட்டம் கூடியது.

"சேருக்கு அருள் வந்துருச்சு" என்றார் பக்கத்தில் நின்ற சரோஜாக்கா.

நான் நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பல் தந்தியடித்ததில் "நா... நா... நா..." என்பதோடு நின்றுவிட்டது. நாகம்மா வந்திருக்கிறாள் என்று யாரோ மொழிபெயர்த்தார்கள். (முருகன் கோயிலில், சூரசம்ஹாரத்தன்று, நாகம்மா ஏன் வரவேண்டும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.) தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கையில் வேப்பிலை வந்தது. தப்புக்காரர்கள் எனக்கென்றே வேகத்தைக் கூட்டினார்கள். கூட்டம் விலக, கண்டாக்கையா கும்பிட்டுக்கொண்டே முன்னால் வந்தார்.

"தாயே, எம்புள்ளைக்கு எப்ப கல்யாணம் ஆகும்?"

மனிதனாகப் பிறந்தவன் இந்த இடத்தில் மயங்கி விழுந்திருப்பான். நான் பதில் சொன்னேன்.

"தையில."

"மாப்பிள்ள எந்தப் பக்கம் தாயே?"

மேற்குப் பக்கத்திலிருந்து வந்தவன், படித்தவன், பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்று நாகம்மா நடுங்கிக்கொண்டே விவரம் கொடுத்தாள். அதோடு நின்றாளா? தங்கமான குணம் என்றாள். சீதனம் கேட்கமாட்டான் என்றாள். பார்க்கவும் லட்சணமாக இருப்பான் என்று சொல்லும்போது ஓரக்கண்ணால் கலைவாணியைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பக்தி இல்லை.

கண்டாக்கையா நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். வருங்கால மாமனார் காலில் விழுவதைத் தாங்க முடியாமல் நான் துள்ளிப் பின்வாங்கினேன். வேட்டி நெகிழ்ந்தது. டின் சிமெந்துத் தரையில் 'டணங்' என்று விழுந்து, உருண்டு, அவர் மூக்குக்கு முன்னால் போய் நின்றது. தப்பு நின்றது.

அவர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன சேர் இது?" என்று கேட்டார். தாயே போய் சேர் வந்துவிட்டது.

"பானங்க ஐயா. குடிக்கிறதுதான். குடிக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் நியாயஸ்தர். உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்து, எனர்ஜி டிரிங்க் என்றால் என்ன, யாருக்காவது தெரியுமா என்று பொதுவாகக் கேட்டார். கோயில் படிக்கட்டில் என் மாணவர்கள் பாடசாலை திரண்டு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவு!"

மலை அதிர்ந்தது. கண்டாக்கையா, உணவா, குடிக்கிறதுதானே என்று திரும்பக் கேட்டார். வயிற்றுக்குள் போனால் அது உணவுதான், யாராவது ஏமாற்றினால் ஏமாறாதீர்கள் என்று சேர் சொன்னார் என்றார்கள். ஓர் எழுத்து பிசகவில்லை. (அந்தத் தவணைப் பரீட்சையில் இதே கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் விடையே எழுதவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.)

அப்போதாவது நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பாலும் உணவு, தேத்தண்ணியும் உணவு, இங்கே தேத்தண்ணி குடித்த எல்லாருடைய விரதமும் முறிந்ததாகத்தான் அர்த்தம் என்று வாதாடினேன். ஆறு நாள் பட்டினி கிடந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சேர், இந்த மலையில நின்னுக்கிட்டு தேத்தண்ணியக் குத்தம் சொல்லாதீங்க" என்றார் கண்டாக்கையா, மிகவும் அமைதியாக. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். தைன்னு சொன்னது நாகம்மாவா, டின்னா?"

என் நடுக்கம் நின்றுவிட்டது. கலைவாணியை இழந்துவிட்டேன் என்று நிஜமாகவே நினைத்தேன். கலைவாணிதான் முன்னால் வந்தார்.

"டின்னுதாம்ப்பா. நாகம்மாவா இருந்தா லட்சணமா இருப்பான்னு சொல்லியிருக்க மாட்டா" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "மேடையில ஏறினா உணவுங்குறாரு, பசிச்சா பானங்குறாரு. நாளைக்கு என்னைய யாருன்னு கேட்டா என்ன சொல்லுவாரோ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அடுத்த சஷ்டிக்கு ஒழுங்கா இருந்து காட்டட்டும். பெறகு பாப்போம்."

இருந்து காட்டினேன். வெறும் தண்ணீர், தேத்தண்ணி. மூன்றாம் நாளே சுருண்டு போனேன். சரோஜாக்கா கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சம்ஹாரத்தன்று என்னால் நிற்கவே முடியவில்லை, அருள் எங்கே வரப்போகிறது. போன வருடம் மாதிரி இல்லையே என்று இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள். அதற்கு அடுத்த தையில், டின் சொன்ன மாதத்திலேயே, கல்யாணம் நடந்தது. பந்தலில் பெரியவர்கள் முதல் சின்னவர்கள் வரை என்னை 'டின்னுசாமி' என்றார்கள். நியமனக் கடிதத்தில் உள்ள பெயர் இப்போது சம்பளத்துக்கு மட்டும்தான்.

மாமனார் இன்றைக்கும் கமிட்டித் தலைவர். ஒவ்வொரு சஷ்டிக்கும் காப்புக் கட்டி முடிந்ததும் ஒலிபெருக்கியைக் கையில் வாங்குவார். தண்ணீர் குடிக்கலாம், தேத்தண்ணி குடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"எங்க மாப்பிள்ள குடிச்சது மட்டும் கூடாது."

பெயர் சொல்லமாட்டார். மருமகன் மரியாதை. அவருக்கு இருப்பது ஒரே ஒரு பெண் என்பது தோட்டம் முழுவதும் தெரியும். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த யாராவது எந்த மாப்பிள்ளை என்று விசாரித்தால், மடியில் இருக்கும் என் மகளின் கையைத் தூக்கி என் பக்கம் காட்டுவது கலைவாணி.