மூன்று டம்ளர் எண்ணெய்

எனக்கு வேற்று ஆட்களைப் பார்த்தால் வாய் வராது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் பேரைக் கேட்டதற்கே பக்கத்துப் பெண்தான் பதில் சொன்னாள். ஐந்தாவதோடு படிப்பும் நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வம்பு வராது என்று நினைத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டே ஒரு முதலாளியை நடுத்தண்ணீரில் நிறுத்தியவள் நான் என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். என் வீட்டுக்காரர் கபூர் செங்கல்பட்டில் ஸ்கூட்டர் மெக்கானிக். அவர் கூட்டாளிகள் ஒவ்வொருவராகத் துபாய்க்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவரும் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி வாங்கி வைத்துவிட்டார். அதைத் தினமும் துடைப்பது என் வேலை. துடைத்துக்கொண்டே, அது துருப்பிடித்துப் போகட்டும் என்று துஆ கேட்பேன்.

அப்போதுதான் மெட்ராஸ் முதலாளி ஒருவர் ஒரு விநோத வண்டியோடு வந்தார். தண்ணீர் மேல் ஓடும் ஸ்கூட்டர். கப்பலில் வந்ததாம். அதில் எண்ணெய்க்குத் தனி டேங்க். ஒரு குட்டி பம்பு அதிலிருந்து எண்ணெய் எடுத்து இஞ்சினுக்கு ஊட்டுமாம். (நமக்கே ஊட்ட ஆள் இல்லை.) அந்தப் பம்பு செத்துப்போய்விட்டது. மாற்றுச் சாமான் இந்த நாட்டிலேயே கிடையாது. இவர் பம்பைக் கழற்றி, ஓட்டையை அடைத்துவிட்டு, "நம்மூரு ஸ்கூட்டரு மாதிரி பெட்ரோல்லயே எண்ணெயக் கலந்துக்கலாம் சார். அஞ்சு லிட்டருக்கு ஒரு டம்ளர், அவ்ளோதான்" என்றார்.

"ஞாயித்துக்கெழம முட்டுக்காட்டுல ஓட்டிப் பாக்குறேன். ஓடிச்சுன்னா என் படகுங்க எல்லாம் உன் பொறுப்பு. மாசச் சம்பளம்" என்றார் முதலாளி.

ஓடினால் இவர் இங்கே. ஓடாவிட்டால் பச்சைப் பெட்டி.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே பேச்சுதான். "எண்ணெ மட்டும் வுட்டுப்போச்சுன்னு வையி, ரெண்டே நிமிசம், பிஸ்டன் அப்டியே புடிச்சிக்கும். இஞ்சின் காலி!" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். மாமி, அதாவது இவரைப் பெற்றவர், கன்னத்தில் கை வைத்துக்கொள்வார். எனக்குக் கனவிலேயே பிஸ்டன் வந்தது. (அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கனவில் எங்கள் வீட்டு உலக்கை மாதிரி இருந்தது.)

ஞாயிறன்று, முட்டுக்காடு தான் பார்க்காத இடம் என்று மாமியும் கிளம்பினார். மாமி கிளம்பினால் பின்னாலேயே சோற்றுத் தூக்கோடு நான். கழிக்கரையில் ஒரு பனை நிழலில் பெட்ரோல் கேன், எண்ணெய் டின், ஒரு அலுமினிய டம்ளர் எல்லாவற்றையும் எங்களிடம் விட்டுவிட்டு, இவர் வண்டியைத் தண்ணீரில் இறக்கப் போனார்.

நான் போய்க் குடிக்கத் தண்ணீர் பிடித்து வந்தேன். மாமி கழிமுகத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் டம்ளரில் விழுந்தது. சொட்டு எண்ணெய் இல்லை. பளபளவென்று காய்ந்து கிடந்தது. அடப்பாவி மச்சான், மறந்துவிட்டாரே! போய்ச் சொல்லலாம். ஆனால் அங்கே முதலாளி இருந்தார், கூடவே நாலைந்து ஆம்பிளைகள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் எண்ணெயைச் சத்தமில்லாமல் கேனில் ஊற்றினேன். மூடி, மடியில் வைத்துப் பிள்ளையை ஆட்டுவது போல ஆட்டினேன். ஒரு குடும்பத்தையே காப்பாற்றிய பெருமையோடு உட்கார்ந்தேன்.

இவர் வந்து கேனை எடுத்துப்போய் வண்டி டேங்கில் ஊற்றினார். முதலாளி ஏறிக் கிளப்பினார். முதலில் ஒரு இருமல். பிறகு புகை. வெள்ளைப் புகை, நீலப் புகை, அப்புறம் பேர் இல்லாத நிறங்களில் எல்லாம் புகை. முதலாளியைக் காணோம். அவர் திட்டுவது மட்டும் கேட்டது. ஓரமாக வலை உதறிக்கொண்டிருந்தவர், "இன்னா அண்ணாத்த, தண்ணியே பத்திக்கினு எரியுது?" என்றார். நடுக்கழியில் வண்டி நின்றுவிட்டது. அவர்தான் படகில் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

கரி பூசிய முகத்தோடு இறங்கிய முதலாளி, "எவ்ளோய்யா ஊத்துன?" என்றார்.

"ஒரே டம்ளர் சார். ஒர்க்‌ஷாப்லயே அளந்து கலந்து கொண்டாந்தேன். இது மேல்செலவுக்குக் கொண்டாந்த டின்னு."

மாமி பதறி எழுந்தார். "ஒர்க்‌ஷாப்லயேவா? டேய், டம்ளரு காஞ்சி கெடந்துதேடா! மறந்துட்டேன்னு நான் ஒண்ணு ஊத்துனேன். ஊத்திட்டு முந்தானைல தொடச்சும் வெச்சேன்."

(மாமி எந்தப் பாத்திரத்தையும் துடைக்காமல் வைக்க மாட்டார். அது எனக்குத் தோன்றாமல் போனதுதான் விதி.)

இவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். எண்ணெய் சொட்டியது. "ரெண்டு டம்ளருக்கு இவ்ளோ வராதே" என்று முனகினார். "அப்ப பம்பு ஓட்டைய நான் சரியா அடைக்கல போலக்கீது சார். அங்கருந்தும் எண்ணெ கசிஞ்சிருக்கும்."

"அப்ப உன் வேலதான் கோளாறு?" முதலாளி குரல் மாறிவிட்டது.

என் கண் முன்னால் பச்சைப் பெட்டி கப்பல் ஏறியது. முக்காட்டுக்குள்ளேயே, "நானும் ஒண்ணு ஊத்துனேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னேன்.

"நானும் ஒண்ணு ஊத்துனேன்!"

கழியில் நின்ற கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

முதலாளி என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், மணலிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "பிஸ்டன் புடிச்சிக்கிச்சாய்யா?"

"எங்க சார் புடிக்கும்? எண்ணெயிலயே முழுவிக்கினு கீது!"

கேனையும் டேங்கையும் கொட்டி, பிளக்கைத் துடைத்து, அத்தனை பேர் பார்க்கப் புதுப் பெட்ரோலில் ஒரே டம்ளர் எண்ணெய் ஊற்றினார். வண்டி ஓடியது. வேலையும் கிடைத்தது. பச்சைப் பெட்டி இன்றுவரை எங்கள் வீட்டு அரிசிப் பெட்டி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். குழம்பில் உப்பு போட்டால் ஊருக்கே கேட்க "போட்டாச்சு!" என்று கத்த வேண்டும். மாமி மௌத்தாகும் வரை கத்தினார். போன வருடம் பேரன் கல்யாணத்தில் பிரியாணி அண்டாவுக்கு உப்பு போடச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன். பழக்க தோஷம், இருநூறு பேர் முன்னால் "போட்டாச்சு!" என்று கத்திவிட்டேன். பந்தலே திரும்பிப் பார்த்தது. நான் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ஆம்பிளைகள் பக்கமிருந்து கபூரின் கிழட்டுக் குரல் வந்தது.

"நானும் ஒண்ணு போட்டேனே!"