எந்த முல்லர்?

வரவேற்புரையில் எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம். ஆனால் ஒரே ஆளைப் பற்றி அளக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கிள்ளானில் மசாலா மில் நடத்தும் மாணிக்கம் அங்கிள்தான் எங்கள் சங்கத் தலைவர். அவருடைய மகள் கவிதாவை நான் காதலித்தேன். "சபையில நாலு வார்த்தை பேசத் தெரியாதவனுக்குப் பொண்ணு கிடையாது" என்பது அவர் கொள்கை. சங்க ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரை வரவேற்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார். (பரீட்சை என்று புரிந்துவிட்டது.)

விருந்தினர், ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜெர்மன் பம்பு இன்ஜினியர். பெயர் முல்லர். நம் பெயரோடு ஒட்டி வருவது அப்பா பெயர். அவர்களுக்கு அது குடும்பப் பெயர் என்பதும், அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு முல்லர் மேல்தான் விழ வேண்டும் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? இணையத்தில் 'முல்லர்' என்று தேடி, வந்த பட்டியல் முழுவதையும் அவர் ஒருவர் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

மேடையில் முழங்கினேன். "கால்பந்து வீரர்! வேதியியல் மேதை! பாதிரியார்! இசை உலகின் இனிய பாடகி!"

பாடகிக்கும் கைதட்டினார்கள். நம் சபை இதைவிடப் பெரிய வரவேற்புரைகளைத் தாங்கியது. "இருநூறு ஆண்டுகளுக்கு முன் காலமான..." என்று வாசித்தபோதுதான் எனக்கு வியர்த்தது. முல்லருக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். அங்கிள் பல்லைக் கடித்தார். போச்சு, கல்யாணம் போச்சு!

முல்லரோ கண்ணில் நீர் வரச் சிரித்தபடி மைக்கைப் பிடித்தார். அவர் சொல்லச் சொல்ல, கவிதா தமிழில் சொன்னாள்:

"எங்க ஊர்ல தெருவுக்குப் பத்து முல்லர் இருப்பாங்க. முல்லர்னா மாவு மில்காரன்னு அர்த்தம். தம்பி சொன்ன அத்தனை பேருக்கும் சேர்த்து நானே பொன்னாடை வாங்கிக்கிறேன்."

அங்கிள் துள்ளி எழுந்தார். "மில்காரனா? அப்போ நானும் முல்லர்தான்லா!"

மண்டபமே அதிர்ந்தது. முல்லர் தனக்கு அணிவித்த பொன்னாடையைக் கழற்றி அங்கிளுக்குப் போர்த்தினார். விசில் பறந்தது. கீழே இறங்கிய என் தோளை அங்கிள் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருசமா மில்லு ஓட்டறேன். என் தொழிலுக்கு இன்னிக்குத்தான்டா கைதட்டல். அப்பாவ வீட்டுக்கு வரச் சொல்லு."

ஜெயித்துவிட்டேன்! உலகத்தில் யாரும் இவ்வளவு தப்பாகப் பேசிப் பெண் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இப்போது கவிதா என் மனைவி. "ஒழுகின குழாயை நானே சரிபண்ணிட்டேன்" என்று வீட்டில் மார்தட்டினால் போதும், அடுப்படியிலிருந்து கேள்வி வரும்: "எந்த முல்லர்?"

கூடத்தில் பேப்பர் படிக்கும் மாமனார் தலையை நிமிர்த்தாமலேயே கையைத் தூக்குவார்.