கடம்பனின் முகம்

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. தாகம் எடுத்த மிருகங்கள் போகும், குனியும், குடிக்கும், திரும்பும். இதில் எந்த முன்னேற்றமும் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது சதாசிவம் என்ற நரி.

சதாசிவம் அந்தக் காட்டின் வளர்ச்சி அதிகாரி. பக்கத்து மலையில் நடந்த எதிர்காலக் கருத்தரங்குக்கு மூன்று நாள் போய்விட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு திரும்பியிருந்தது. எல்லோரையும் கூட்டி, பாறைமேல் ஏறி நின்று பேசியது. இன்னும் இருபது வருஷத்தில் யாரும் குளத்துக்கு நடக்க வேண்டியதில்லை, தாகம் எடுக்கப்போவது நமக்குத் தெரிவதற்கு முன்பே ஒரு கருவிக்குத் தெரிந்துவிடும், தண்ணீர் தானாக வாய்க்கு வரும் என்றது. அதுவரை என்ன செய்வது என்று ஒரு காட்டுப்பன்றி கேட்டது. அதுவரை வரிசையில் நிற்கலாம் என்றது நரி.

குளத்தைச் சுற்றி முள்வேலி வந்தது. வேலியில் ஒரு கதவு, கதவில் முகம் பார்க்கும் கருவி. தை மாதம் முகப்பதிவு நடந்தது. முதல் பதிவு கடம்பன் என்ற கடமானுக்கு. கிளைவிட்ட கொம்பு படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று நரியே கூப்பிட்டு நிறுத்தியது. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, ‘எதிர்காலத்தின் முதல் முகம்’ என்று எழுதி, கதவுக்கு எதிரே பேனராகக் கட்டினார்கள். கடம்பன் ஒரு வாரம் அந்தப் பக்கமாகவே மேய்ந்தது.

பங்குனியில் கடம்பனுக்குக் கொம்பு விழுந்தது. வருஷா வருஷம் விழுவதுதான். மறுநாள் கதவருகே போய் நின்றபோது கருவி சிவப்பு விளக்கைக் காட்டியது. கவுண்டரில் உடும்பு உட்கார்ந்திருந்தது. பிடித்தால் விடாது என்பதற்காகவே அதற்கு அந்த வேலை.

“நான் கடம்பன்.”

“இருக்கலாம். கருவி இல்லைங்குது.”

கொம்பு விழுந்த கதையைக் கடம்பன் சொன்னது. உடும்பு பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. கருவி தப்புப் பண்ணாது, மாறியது நீதான் என்று சொல்லி ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தது. கழன்ற கொம்பு இரண்டையும் அசலாக இணைக்க வேண்டுமாம். கடம்பன் காட்டுக்குள் ஓடித் தேடியது. ஒரு கொம்பை முள்ளம்பன்றி முக்கால்வாசி கடித்துத் தின்றிருந்தது. மிச்சத்தைக் கொண்டுபோனால் உடும்பு வாங்கவில்லை.

நேராக நரியிடம் போனது. நரி உண்மையாகவே வருத்தப்பட்டது. அடுத்து வரும் கருவிக்குக் கொம்பு விழும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும் என்றது. அது எப்போது வரும் என்று கடம்பன் கேட்டதற்கு, எதிர்காலத்தில் என்றது.

சித்திரை வெயில் ஏறியது. கடம்பனின் மனைவி பூவாயிக்குக் கொம்பே கிடையாது என்பதால் கருவி அதைத் தடுக்கவில்லை. அது தினமும் உள்ளே போய், வாய் நிறைய ஈரப்பாசியைக் கவ்விக்கொண்டு வரும். கடம்பன் அதைச் சப்பிக்கொண்டு படுத்துக் கிடக்கும். ஒருநாள் அதற்கு எழுந்திருக்கவே முடியவில்லை. அன்றைக்குப் பூவாயி கதவருகே வெகுநேரம் நின்று, கருவியைப் பார்த்தது, எதிரே இருந்த பேனரைப் பார்த்தது. திரும்பி வந்து சொன்னது:

“அதுக்கு உங்களத் தெரியலங்க. உங்க படத்தத் தெரியும்.”

உடும்பு சாப்பிடப் போன நேரம் பார்த்து, கடம்பனை முட்டித் தள்ளி நடக்கவைத்துக் கூட்டிப்போனது. பேனரை அவிழ்த்து, ஆளுக்கொரு மூலையைப் பல்லால் கவ்விக் கருவிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தன. பச்சை விளக்கு எரிந்தது. குடிக்கக் குடிக்கக் கடம்பனுக்கு அழுகை வந்தது.

இப்படிப்பட்ட சங்கதி காட்டில் எத்தனை நாள் மறைந்திருக்கும்? சட்டை உரித்த பாம்பு வந்தது. தோகை உதிர்ந்த மயில் வந்தது. சண்டையில் ஒரு காதை இழந்த கரடி வந்தது. எல்லாம் அந்தப் பேனருக்குப் பின்னால் ஒளிந்து உள்ளே போயின. பச்சை விளக்கு எரிந்துவிட்டால் உடும்பு எதையும் கேட்பதில்லை. கருவியின் பதிவுப்படி கடம்பன் ஒரே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை தண்ணீர் குடித்தது. திட்டத்துக்குக் கிடைத்த மாபெரும் வரவேற்பு என்று நரி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. இந்த ஒரு மிருகமே குளத்தைக் காலி செய்துவிடும், உடனே தடை செய்க என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பேனரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுபடியும் பூவாயி கொண்டுவந்த பாசியில்தான் கடம்பன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஐப்பசிக்குள் கொம்பு முழுதாக வளர்ந்துவிட்டது. தலையை நிமிர்த்திக்கொண்டு, சொந்த முகத்தோடு போய் வரிசையில் நின்றது. கருவி அதைக் கண்டதும் ‘கடம்பன்’ என்று தெளிவாகச் சொன்னது. சொல்லிவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

“இப்ப நான்தான்னு ஒத்துக்குதுல்ல?”

“ஒத்துக்குது,” என்றது உடும்பு. “அதான் விடல.”

அந்த நேரத்தில் மழை பிடித்தது. ஒரு மணி நேரத்தில் குளம் நிரம்பி, வேலிக்கு அடியில் வழிந்து, வெளியே நின்றவர்களின் முழங்கால் வரை வந்துவிட்டது. கடம்பன் குனிந்து வயிறு முட்டக் குடித்தது. குடித்துவிட்டுப் பூவாயியோடு காட்டுக்குள் போனது.

வரிசையில் நின்ற மற்ற மிருகங்கள் அசையவில்லை. அசைந்தால் இடம் போய்விடும். நனைந்துகொண்டே நின்ற காட்டெருமை, பின்னால் நின்றதிடம் மெதுவாகச் சொன்னது:

“பாவம். பதிவுல இல்லாத தண்ணியக் குடிச்சிட்டுப் போகுது.”

நீதி: வரிசையை விட்டு விலகாதே, தாகம் தீர்ந்தவனுக்கு எதிர்காலம் கிடையாது.