மூச்சு விடாத டேங்க்

பசுமலை ஏற்றத்தில் வண்டி மறுபடியும் நின்றுவிட்டது. பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. செங்கல் ஏற்றிய மினி லாரிக்குள் மாதேஷ் வியர்த்து வடிந்தான்.

ஓனர் நல்லகாமன் காலையில்தான் சொல்லியிருந்தார்: "இன்னும் இப்பிடியே நின்னுக்கிட்டுருந்துச்சுன்னா, சாவியக் குடுத்துட்டு தருமபுரிக்கே பஸ் ஏறிரு."

மதுரையில் அவன் போன் போட ஒரே ஆள்தான். மெக்கானிக் வெள்ளைத்துரை.

"அண்ணா, மறுபடியும் நின்னுடுச்சுண்ணா."

"ஒன்னோட பெரிய ரோதனையாப் போச்சுடா. வாரேன், இரு."

வந்ததும் வழக்கம்போல, "போயி ரெண்டு டீ வாங்கிட்டு வா" என்றார். டீயோடு திரும்பினால் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"என்னண்ணா கோளாறு?"

"டீசல்ல தண்ணி எறங்குது மாப்ள. டீயக் குடி, ஆறிரும்."

கூலி வேண்டாமென்று தள்ளிவிட்டு, டீ தீர்ந்த பிறகும் அவர் பேசிக்கொண்டேயிருந்தார். மாதேஷும் கேட்டுக்கொண்டேயிருந்தான். அறைக்குப் போனால் அவனிடம் பேச மின்விசிறிதான் இருந்தது.

தண்ணீர் இறங்கக்கூடாதென்று டேங்க் மூடியின்மேல் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டான். மறுநாள் வண்டி பசுமலைவரைகூட வராமல் கப்பலூரிலேயே நின்றது.

"பொறுப்பான பயடா நீ" என்று வெள்ளைத்துரை தட்டிக்கொடுத்தார். மாதேஷ் சந்தோஷத்தில் இன்னொரு பையையும் சுற்றினான். அதற்கடுத்த நாள் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டைக்கூட வண்டி தாண்டவில்லை. அன்று பார்த்து வெள்ளைத்துரையின் போன் சுவிட்ச் ஆஃப்.

டீசலே தீர்ந்துவிட்டதோ என்று பைகளைப் பிய்த்து மூடியைத் திருகினான். தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவன்போல டேங்க் 'புஸ்ஸ்' என்று காற்றை இழுத்தது. சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது!

மூடியில் காற்று போகிற துளை துருவேறி அடைத்துக் கிடந்தது. காற்று உள்ளே போகாமல் டீசல் எப்படி வெளியே வரும்? மூடியைத் தளர்வாக வைத்து ஓட்டினான். வண்டியூர்வரை வண்டி எங்கும் நிற்கவில்லை. இதைச் சொல்லிக் குதிக்கத்தான் பக்கத்தில் ஆளில்லை.

வண்டியூர் வேகத்தடையில் டீசல் குதித்தது. கல்யாணத்துக்குப் போனவரின் பட்டு வேட்டியில் போய் விழுந்தது.

"ஏண்டா, இம்புட்டு டீசலையும் எம்மேலயா ஊத்துவ?"

கதவில் எழுதியிருந்த நம்பருக்கு அவர் போன் போட, அடுத்த நிமிடம் நல்லகாமன் மாதேஷைக் கூப்பிட்டார்.

"சாயங்காலம் வண்டி ஒழுங்கா வரணும். இல்லாட்டி சாவி மட்டும் வரணும்."

மாதேஷ் உதிரிபாகக் கடைக்கு ஓடினான்.

"அக்கா, அவசரமா இதுக்குப் புது மூடி வேணும். வேலையே போயிடும்போல இருக்கு."

கடைக்கார முத்துமீனா எட்டி வண்டியைப் பார்த்தாள்.

"நல்லகாமன் வண்டிதான தம்பி? இதுக்கு வெள்ளைத்துரை அண்ணே போன மாசமே புது மூடி வாங்கிட்டாரே!"

"அப்புறம் ஏன்க்கா மாட்டல?"

"நானும் கேட்டேன். 'மாட்டிவிட்டுட்டா, அந்தப் பய அப்பறம் எனக்குப் போனே போடமாட்டானேம்மா'ன்னாரு."